காற்றில்லா வர்ணத் துப்பாக்கி: அதன் இயல்பும் பழுது தீர்க்கும் முறையும்

மனைகளுக்கும் மண்டபங்களுக்கும் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் மக்கள் வர்ணம் பூசுவது அழகு கருதி மட்டுமன்று. இரும்பைத் துருவினின்றும், மரத்தை ஈரத்தினின்றும் செல்லினின்றும், சுண்ணச் சுவரை மழைச் சாரலினின்றும் காப்பது அம்மெல்லிய படலமேயாம். ஒரு காகிதத்தின் கனமே உள்ள அப்படலம் எங்கும் ஒரே சீராய்ப் படிந்தாலன்றி அக்காவல் நிறைவுறாது. தூரிகை கொண்டு பூசுவோன் கைத்திறத்தால் அச்சீர்மையைப் பெறுகின்றான். ஆயினும் அவ்வேலை மெல்லவே நடைபெறும். பரந்த இடங்களை விரைந்து பூச வேண்டியே தெளிப்புக் கருவிகள் தோன்றின. அவற்றுள் இக்காலத்துப் பெரிதும் வழங்குவதாகிய 'ஏர்லெஸ்' என்னும் காற்றில்லா வர்ணத் துப்பாக்கியின் அமைப்பையும், அஃது இடையே வேலை செய்யாது நின்றுவிடின் காரணத்தை அறிந்து பழுது தீர்க்கும் முறையையும், அதனைக் கையாளுவோர் அஞ்ச வேண்டிய பெருந்தீங்கு ஒன்றையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

வரலாறு

1887-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரிலுள்ள மார்ஷல் பீல்டு என்னும் வணிக நிலையத்தில் பராமரிப்பு வேலையை மேற்பார்த்து வந்த ஜோசப் பிங்க்ஸ் என்பார், நிலவறைச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதற்காகக் கையால் இயக்கும் பம்பு ஒன்றை அமைத்தார். 1893-ஆம் ஆண்டில் அந்நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின் பெருமண்டபங்களுக்கு வெள்ளை பூசுவதற்கு அவருடைய தெளிப்புக் கருவி பயன்பட்டது. பின்னர், அழுத்திய காற்றைக் கொண்டு வர்ணத்தைச் சிதறடிக்கும் துப்பாக்கிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. மோட்டார் வண்டிகளுக்குப் பளபளப்பான வர்ணம் ஏற்றுவதற்கு இன்றும் அவ்வகையே சிறந்தது. ஆயினும் காற்றோடு கலந்து செல்லும் வர்ணத்துளிகளில் பெரும்பகுதி சுவரிற் படியாமல் புகைபோல் எழுந்து வீணாகும். இக்குறையை நீக்கக் காற்றின் துணையே வேண்டாத வேறொரு முறை 1950-களில் வழக்கிற்கு வந்தது. அதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இயங்கும் முறை

காற்றுத் துப்பாக்கியில் வர்ணத்தைத் துளியாக்குவது காற்று. காற்றில்லாத் துப்பாக்கியிலோ அழுத்தம் ஒன்றே அத்தொழிலைச் செய்கின்றது. ஒரு பம்பு, வர்ணத்தைச் சதுர அங்குலத்திற்கு 1500 முதல் 3000 ராத்தல் வரை அழுத்தி, மிக நுண்ணிய துளையொன்றின் வழியே தள்ளுகின்றது. 2000 ராத்தல் அழுத்தம் என்பது நம்மைச் சூழ்ந்த வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் சுமார் 136 மடங்காகும்; கடலில் ஏறக்குறைய 1400 மீட்டர் ஆழத்தில் இருப்பதை ஒக்கும். பௌதிகம் பயிலும் மாணவர்கள், உராய்வை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், நீரைவிடச் சற்று அடர்த்தி மிக்க வர்ணம் அவ்வழுத்தத்தால் நொடிக்குச் சுமார் 145 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளிப்படும் எனக் காண்பர். இத்துணை வேகத்தில் அசையாத காற்றைத் தாக்கும் வர்ணத் தகடு தானே கிழிந்து நுண்டுளிகளாகின்றது.

இக்கருவியின் உறுப்புக்களை வர்ணம் செல்லும் வழியே வரிசையாக எண்ணிக்கொள்ளுதல் நலம். பழுது தேடுங்காலும் அவ்வரிசையே வழிகாட்டும். முதலாவது, வர்ண வாளியில் அமிழ்ந்திருக்கும் வலையும் உறிஞ்சு குழாயும். இரண்டாவது, மின் மோட்டாரால் இயங்கும் பிஸ்டன் பம்பு. மூன்றாவது, பம்பினை அடுத்த வடிகட்டியும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும். நான்காவது, 'பிரைம்' வால்வு. இதனை ஒருபுறம் திருப்பின் வர்ணம் சிறு குழாய் வழியே வாளிக்கே திரும்பும், மறுபுறம் திருப்பின் துப்பாக்கிக்குச் செல்லும். ஐந்தாவது, உயர் அழுத்தம் தாங்கும் நீண்ட ஹோஸ். ஆறாவது, துப்பாக்கி, அதன் பிடியினுள் ஒரு சிறு வடிகட்டியும், விசையை இழுத்தால் பின்வாங்கும் ஊசியும், அவ்வூசி அமரும் இருக்கையும் உள. ஏழாவது, 'டிப்' எனப்படும் முனையும், அதனைச் சூழ்ந்த காப்பும்.

பம்பின் அமைப்பை நன்கு அறிந்தாலன்றிப் பழுது காணல் இயலாது. ஒரு நேர் உருளையினுள் பிஸ்டன் மேலும் கீழும் அசைகின்றது. உருளையின் அடியில் ஒரு வால்வு; பிஸ்டனுக்குள்ளேயே மற்றொரு வால்வு. இரண்டும் ஓர் எஃகுக் குண்டு தன் வட்ட இருக்கையின்மேல் அமர்ந்து வழியை அடைக்கும் எளிய அமைப்பினவே. முன்னதைக் கீழ் வால்வு என்றும் பின்னதை மேல் வால்வு என்றும் கூறுவாம். பிஸ்டன் மேலே செல்லும்பொழுது மேல் வால்வு மூடிக்கொள்ள, அதன்மேல் நிற்கும் வர்ணம் ஹோஸுக்குத் தள்ளப்படுகின்றது. அதே சமயம் கீழ் வால்வு திறந்து, வாளியினின்று புதிய வர்ணம் உருளைக்குள் ஏறுகின்றது. பிஸ்டன் கீழே இறங்கும்பொழுது கீழ் வால்வு மூடிக்கொள்கின்றது. மேல் வால்வு திறந்து, அடியிலிருந்த வர்ணம் பிஸ்டனைக் கடந்து மேற்புறம் வருகின்றது. அங்கே பிஸ்டன் தண்டும் இடத்தை அடைத்துக்கொள்வதால் வந்த வர்ணம் முழுவதும் தங்க இடமில்லை, மிகுதி வெளியேறுகின்றது. தண்டின் குறுக்குப் பரப்பு பிஸ்டனின் பரப்பிற் பாதியாக அமைக்கப்பட்டிருப்பின், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வெளிப்படும் அளவு சமமாகும். ஆகவே ஒரு முறை மட்டும் உறிஞ்சி இருமுறையும் தள்ளும் பம்பு இஃதென்க. தண்டைச் சுற்றியும் பிஸ்டனைச் சுற்றியும் வர்ணம் கசியாவண்ணம் தோலாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய 'பேக்கிங்' வளையங்கள் அடுக்கப்பட்டுள்ளன.

இனி, முனையைப் பற்றிச் சிறிது கூறுவாம். அது டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடிய பொருளாலானது. அதன்மேற் பொறித்த மூன்று இலக்க எண்ணுக்குப் பொருள் உண்டு. 517 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கமாகிய 5-ஐ இரட்டிக்க வரும் 10, துப்பாக்கியைச் சுவரினின்று 12 அங்குல தூரத்திற் பிடித்தால் உண்டாகும் வர்ண விசிறியின் அகலம் அங்குலக் கணக்கில். எஞ்சிய 17, துளையின் அளவு ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்ட கூறுகளில், அஃதாவது 0.017 அங்குலம், ஏறக்குறைய 0.43 மில்லிமீட்டர். நீர்போன்ற மெருகெண்ணெய்க்குச் சிறு துளையும், கெட்டியான வர்ணத்திற்குப் பெருந்துளையும் வேண்டும்.

முதற்கண் அறியவேண்டிய ஆபத்து

பழுது பார்க்கும் முறையைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். மேற்கூறிய 0.017 அங்குலத் துளையின் பரப்பைக் கணக்கிட்டு 2000 ராத்தலாற் பெருக்கிப் பாருங்கள். அத்துளையின்மேல் நிற்கும் மொத்தப் பலம் அரை ராத்தலுக்கும் குறைவாகவே இருக்கும். இதனால், விரலை வைத்து அடைத்துவிடலாமே எனத் தோன்றும். அவ்வெண்ணமே கேடு விளைப்பது. தோலைத் துளைப்பது மொத்தப் பலமன்று. ஒரு சிறு பரப்பின்மேற் குவியும் அழுத்தமே. ஊசி சிறு பலத்தாற் புகுவதும் இதனாலன்றோ? சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல் அழுத்தமே தோலை ஊடுருவப் போதும் என்பர் மருத்துவர். இங்கோ அதனின் இருபது மடங்கு உள்ளது.

இவ்வகைக் காயத்தின் இயல்பு ஏமாற்றுவதாகும். வெளியே காண்பது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மாத்திரமே. தொடக்கத்தில் நோவும் அதிகமிராது. ஆனால் உள்ளே வர்ணமும் அதிற் கலந்த தின்னரும் நரம்புகளையும் தசைநார் உறைகளையும் பற்றிக்கொண்டு விரலினின்று உள்ளங்கை வரையிற் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீக்கம் மிகுந்து இரத்த ஓட்டம் தடைப்படும். இரசாயன நஞ்சும் தசைகளை அழிக்கும். இவ்வாறு விரலை இழந்தோர் பலர். 1937-ஆம் ஆண்டிலேயே, டீசல் எஞ்சினின் எரிபொருள் உயர் அழுத்தத்தால் உடலிற் புகுந்த நிகழ்ச்சியொன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்துள்ளது. பெரும்பாலும் காயமுறுவது வழக்கமாக வேலை செய்யாத கையின் சுட்டுவிரல் என்று மருத்துவர் கண்டிருக்கின்றனர். காரணம் வெளிப்படை: வலக்கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரலால் முனையைத் துடைக்கின்றார்கள்.

ஆகையால் இவ்வாறு நேர்ந்தவரைக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்புதல் கூடாது. புள்ளி எவ்வளவு சிறிதாயினும், நோவு இல்லாவிடினும், அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அக்கணமே கொண்டுசெல்ல வேண்டும். 'வெட்டுக்காயம்' என்று சொல்லாமல், 'உயர் அழுத்தத்தால் வர்ணம் உள்ளே புகுந்துவிட்டது' என்று தெளிவாகச் சொல்லவேண்டும். எந்த வர்ணம், எந்தத் தின்னர் என்பதை அறிவிக்க அதன் டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று. நீரிற் கரையும் வர்ணத்தைவிடத் தின்னர் கலந்த வர்ணம் மிகக் கொடிது. மணி நேரங்கள் கழியக் கழிய விரல் பிழைக்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

அழுத்தத்தை நீக்கும் முறை

இவ்வாபத்தினின்று தப்பும் வழி ஒன்றே. எவ்வுறுப்பைத் தொடுவதாயினும், முனையைக் கழற்றுவதாயினும், வேலையை நிறுத்திவிட்டு உணவருந்தச் செல்வதாயினும், முதலில் அழுத்தத்தை அடியோடு நீக்கிவிடவேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டால் அழுத்தமும் நின்றுவிடும் என்று கருதுவது பிழை. ஹோஸினுள் அடைபட்ட வர்ணம் மணிக்கணக்கில் அதே அழுத்தத்துடன் இருக்கும். செய்யவேண்டிய முறை வருமாறு:

1. விசையின் பூட்டைப் போடுக.
2. மோட்டாரை நிறுத்தி, மின் பிளக்கையும் பிடுங்கிவிடுக.
3. அழுத்தக் குமிழை மிகக் குறைந்த அளவிற்குத் திருப்புக.
4. திரும்பு குழாயை வாளிக்குள் இட்டுப் பிரைம் வால்வைத் திறந்துவிடுக.
5. பூட்டை நீக்கித் துப்பாக்கியின் உலோகப் பாகத்தை ஓர் உலோக வாளியின் விளிம்பில் நன்கு பொருத்தி, விசையை இழுத்து எஞ்சிய வர்ணத்தை அதனுள் விடுக. பின் மீண்டும் பூட்டுக.

ஐந்தாவதில் உலோக வாளி எனச் சொன்னது காரணம் பற்றியே. விரைந்தோடும் திரவம் மின்னேற்றம் பெறும். தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு சிறு பொறியும் தீயை மூட்டும். தரையோடு மின்தொடர்புடைய உலோக வாளியும், அதனை ஒட்டிப் பிடித்த துப்பாக்கியும் அம்மின்னைத் தரைக்கு விட்டுவிடும்.

முனையோ ஹோஸோ முழுதும் அடைபட்டு, இவ்வைந்தும் செய்த பின்னரும் அழுத்தம் நீங்கவில்லையென ஐயமுண்டாயின், முனைக் காப்பின் மரையை மிக மெல்லச் சிறிது சிறிதாகத் தளர்த்தி அழுத்தம் கசிந்து போகவிட்டு, அதன்பின்னரே முழுதும் கழற்றுக.

பழுதும் காரணமும்

நல்ல மருத்துவன் குறியைக் கண்டவுடன் மருந்தை ஊற்றுவதில்லை. எவ்விடத்தில் எக்காரணத்தால் தோன்றிற்று என்று ஆராய்ந்த பின்னரே மருந்தை எண்ணுவான். துப்பாக்கி சரியாகத் தெளிக்கவில்லை என்றவுடன் பம்பைப் பிரித்துப்போட்டுப் புதிய பேக்கிங் வாங்க ஓடுவோர் பணத்தையும் பொழுதையும் இழப்பர். பெரும்பாலான பழுதுகள் அடைபட்ட வலையினாலும் தேய்ந்த முனையினாலும் உண்டாவனவே. ஆகவே எளியவற்றை முன்னும் அரியவற்றைப் பின்னுமாக ஆராய்க.

முதலாவது, மோட்டார் ஓடாமை. மின்சாரம் வருகின்றதா, பியூஸ் போயிற்றா, அழுத்தக் குமிழ் மிகக் குறைந்த நிலையில் இருக்கின்றதா என்பவற்றைப் பார்க்க. மெல்லிய நீண்ட கம்பியை இணைத்து வெகுதூரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரின், வழியில் வோல்ட்டு குறைந்து மோட்டார் சூடேறி நின்றுவிடும். தூரம் வேண்டுமாயின் மின்கம்பியை நீட்டாமல் வர்ண ஹோஸை நீட்டுதலே முறை. மோட்டார் முனகிக்கொண்டு சுழலாதிருப்பின், முந்தைய வேலையில் கழுவாது விட்ட வர்ணம் பம்பினுள் இறுகிப் பிஸ்டனைப் பற்றியிருக்கலாம். உடனே நிறுத்திப் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்க. வற்புறுத்தி ஓட்டின் பற்சக்கரம் முறியும். கார்பன் பிரஷ் தேய்ந்து போதலும் மற்றொரு காரணம்.

இரண்டாவது, மோட்டார் ஓடியும் வர்ணம் ஏறாமை. திரும்பு குழாயைக் கவனிக்க. வர்ணத்தோடு காற்றுக் குமிழிகள் இடைவிடாது வருமாயின், உறிஞ்சு குழாயின் இணைப்புத் தளர்ந்து காற்று புகுகின்றதென்று அறிக. அல்லது வாளியில் வர்ணம் வற்றியிருக்கும். குமிழியும் வாராது ஒன்றுமே வாராதாயின், அடி வலை அடைபட்டிருக்கலாம், அல்லது வர்ணம் மிகக் கெட்டியாயிருக்கலாம். சில நாள் கிடந்த கருவியாயின் கீழ் வால்வின் குண்டு உலர்ந்த வர்ணத்தால் இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உறிஞ்சு குழாயைக் கழற்றிக் கீழிருந்து ஒரு பென்சிலால் மெல்லத் தள்ளினாலும், வால்வுக் கூட்டின் பக்கத்தில் மரப்பிடியால் இலேசாகத் தட்டினாலும் அது விடுபடும். எளிய இச்செயலை அறியாது புதிய பம்பு வாங்கினவர்களும் உண்டு.

மூன்றாவது, விசிறியின் இரு விளிம்புகளிலும் தடித்த கோடுகள் தோன்றி நடுவில் மெலிந்திருத்தல். இதனை வர்ணக்காரர் 'வால் விழுதல்' என்பர். துளிகளாகச் சிதறுதற்கு வேண்டிய அழுத்தம் முனையில் இல்லை என்பதே இதன் பொருள். குமிழைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வால் மறையும் இடத்தில் நிறுத்துக. அதற்குமேல் கூட்டுதல் வர்ணத்தைப் புகையாக்கி வீணடிப்பதும் முனையை விரைந்து தேய்ப்பதுமேயாம். கூட்டியும் மறையாவிடில் பம்பு வடிகட்டியையும் துப்பாக்கிப் பிடியிலுள்ள வடிகட்டியையும் எடுத்துக் கழுவுக. பின்னும் மறையாவிடில், உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவுக்கு வர்ணத்தை இளக்குக, அல்லது சிறிய துளையுள்ள முனையை இடுக.

நான்காவது, முனை தேய்தல். வர்ணத்திலுள்ள நுண்பொடிகள் மணல்போல் உராய்ந்து கார்பைடையும் அரிக்கின்றன. தேயத் தேயத் துளை அகன்று வட்டமாகும், விசிறியோ குறுகும். 17 என்ற அளவு 21-ஆகத் தேய்ந்ததாகக் கொள்வோம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அத்துளை முன்னைவிட ஒன்றரை மடங்கு வர்ணத்தை ஒழுகவிடும். அவ்வளவு வர்ணமும் குறுகிய இடத்தில் விழுவதால் சுவரில் வழிந்து ஓடும், பம்பும் இளைக்கும். இதனைக் கண்டறிய, புதிய முனையை இட்டவுடன் ஒரு காகிதத்தில் 12 அங்குல தூரத்தினின்று தெளித்து, விசிறியின் அகலத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்க. பின்னொரு நாள் அளக்கும்போது அது நாலில் ஒரு பங்கு குறைந்திருப்பின் முனையை மாற்றிவிடுக. பழைய முனையை வைத்துக்கொண்டு செட்டுச் செய்வதாக நினைப்போர், முனையின் விலையினும் மிகுதியாக வர்ணத்தில் இழப்பர்.

ஐந்தாவது, முனை அடைபடுதல். விசையை விட்டுப் பூட்டுக. முனையின் பிடியை அரைவட்டமாகத் திருப்புக. பூட்டை நீக்கி ஒரு பாழ்வாளிக்குள் ஒருமுறை தெளிக்க, அடைத்த துணுக்கு வந்த வழியே வெளியேறும். மீண்டும் பூட்டி முனையைப் பழையபடி திருப்பி வேலையைத் தொடர்க. ஊசியாலும் கம்பியாலும் துளையைக் குத்துதல் ஆகாது. கடிய பொருளாயினும் கார்பைடு எளிதில் உடையும், விசிறியும் கோணலாகும். மெல்லிய தூரிகையே போதும். வாயால் ஊதுவதும் விரலால் துடைப்பதும் எவ்வகையினும் கூடாதென்பதை மேலே கண்டோம். அடிக்கடி அடைபடுமாயின் குற்றம் முனையினதன்று. வர்ணத்தை மெல்லிய நைலான் துணியால் வடிகட்டாமல் ஊற்றியதே காரணம்.

ஆறாவது, விசையை விட்ட பின்னும் முனையினின்று வர்ணம் துப்புதல். ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையே துணுக்குச் சிக்கியிருக்கும், அல்லது அவை தேய்ந்திருக்கும். கழுவியும் நில்லாவிடின் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். இது சிறு குறையெனப் புறக்கணிக்கத் தக்கதன்று. விசையைப் பூட்டியும் அடங்காத துப்பாக்கியை யாரும் கையில் எடுக்கலாகாது. முனையினின்று அன்றி அதன் காப்பைச் சுற்றிக் கசியுமாயின், உள்ளிருக்கும் சிறு வாஷர் காணாமற்போயிருக்கும் அல்லது மாறி இடப்பட்டிருக்கும்.

ஏழாவது, அழுத்தம் நில்லாமை. வலைகள் சுத்தமாயும் முனை புதிதாயும் இருந்தும், விசையை இழுத்தவுடன் அழுத்தம் வீழ்ந்துவிடின், அப்பொழுதே பம்பை ஐயுறுக. இங்கே நாம் முன்னர்க் கற்ற பம்பின் அமைப்பு பயன்படும். அழுத்தத்தை ஏற்றி, விசையை விட்டுப் பூட்டி வைத்துப் பம்பைக் கவனிக்க. நல்ல பம்பு, வர்ணம் செல்ல வழியின்மையால், மேலேறும்போது நிறுத்தினாலும் கீழிறங்கும்போது நிறுத்தினாலும் அசையாது நிற்கும். வெளியே எங்கும் கசிவில்லாமலே தண்டு ஊர்ந்துகொண்டிருப்பின் உள்ளே ஒரு வழி திறந்திருக்கின்றதென்பது உறுதி. எவ்வழி?

திரும்பு குழாயினின்று வர்ணம் சொட்டிக்கொண்டிருப்பின் பிரைம் வால்வே குற்றவாளி. அவ்வாறின்றி, தண்டு கீழிறங்கும்போது மட்டும் ஊர்ந்தால், மூடியிருக்கவேண்டிய கீழ் வால்வு மூடாது வர்ணத்தை வாளிக்கே திருப்பி விடுகின்றது. மேலேறும்போது மட்டும் ஊர்ந்தால், பிஸ்டனின் மேற்புறத்து வர்ணம் கீழ்ப்புறத்திற்கு நழுவுகின்றது. மேல் வால்வாவது பிஸ்டனின் பேக்கிங்காவது பழுதுற்றது. இவ்வளவும் ஒரு ஸ்பேனரையும் எடுக்காமலே, கண்ணாற் பார்த்து அறியத்தக்கன. பார்க்கும்போது அசையும் தண்டின் அருகே கையை மட்டும் கொண்டுபோகாதிருக்க வேண்டும்.

குறித்த வால்வைப் பிரித்தபின் குண்டையும் இருக்கையையும் கழுவி வெளிச்சத்திற் பார்க்க. வெறும் துணுக்கே காரணமாயின் அதுவே போதும். பள்ளமோ கீறலோ காணின் மாற்றுக.

எட்டாவது, பம்பின் கழுத்தில் வர்ணம் கசிதல். கழுத்து மரையைச் சிறிதளவு இறுக்குக. அளவிற்கு மிஞ்சி இறுக்கின் பேக்கிங் கருகும். இறுக்கியும் நில்லாவிடின் பேக்கிங் முழுவதையும் மாற்றுக. தோல் வளையங்களை எண்ணெயில் ஊறவைத்தபின் இடவேண்டும். வளையத்தின் வாய் எத்திசை நோக்கியிருந்ததோ அத்திசையிலேயே இடவேண்டும், தலைகீழாயின் ஒரு நாளும் அழுத்தம் நில்லாது. பிஸ்டன் தண்டில் நகத்தால் தடவிப் பார்க்கக் கீறல் தட்டுப்படுமாயின், தண்டையும் மாற்றாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றுதல் வீண் செலவு. அக்கீறலே புதியதையும் சில நாளில் அறுத்துவிடும்.

வாராமற் காத்தல்

வந்த பழுதை நீக்குவதினும் வாராமற் காப்பது எளிது. வேலை முடிந்த அன்றே கருவியைக் கழுவுக. நீர் வர்ணத்திற்கு நீரும், எண்ணெய் வர்ணத்திற்கு மினரல் டர்ப்பன்டைனும், இருகூட்டு எபாக்ஸி வர்ணத்திற்கு அதற்கெனக் குறித்த தின்னருமே உரியன. எபாக்ஸி வர்ணம் கலந்தபின் குறித்த நேரத்தில் தானே கல்லாகும். பின்னர் எத்தின்னராலும் கரையாது. ஆதலின் அதனைக் கழுவுதலில் ஒரு நாழிகையும் தாமதித்தல் கூடாது. தெளிந்த திரவம் வரும்வரை திரும்பு குழாய் வழியாகவும் துப்பாக்கி வழியாகவும் தனித்தனியே ஓடவிடுக. நீராற் கழுவிய கருவியைப் பல நாள் வைத்திருப்பதாயின் இறுதியில் மினரல் டர்ப்பன்டைனையோ அதற்கென விற்கும் காப்பெண்ணெயையோ உள்ளே நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் துரு உண்டாகும். கழுத்தில் ஒவ்வொரு நாளும் சில துளி எண்ணெய் விடுதலும், வலைகளைக் கழுவித் தனியே உலர்த்துதலும் மறவற்க.

இக்கருவியைக் கொண்டு பிழைப்போர் பலர் அன்றாடக் கூலிக்காரர். ஒரு நாள் துப்பாக்கி நின்றால் அன்றைய கூலி நிற்கும். ஒரு விரல் போயின் தொழிலே நிற்கும். பள்ளியிற் பயிலாத அவர்கட்கு அழுத்தம் என்பதன் உண்மையை எடுத்துச் சொல்வார் அரியர். நம் கல்லூரிச் சாலையில் பாஸ்கலின் விதியையும் பம்பின் படத்தையும் தேர்வுக்காக வரைந்து கற்றோர் அவர்க்கு அதனைச் சொல்லக் கடமைப்பட்டவராவர். நம் வீட்டிலோ விடுதியிலோ வர்ணம் தெளிக்க வந்தவர் முனையை விரலால் துடைக்கக் காணின், அருகே சென்று, 'ஐயா, முதலில் அழுத்தத்தை விட்டுவிடுங்கள்' என்று ஒரு சொல் சொல்லுதல் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதாம்.